மறுகா

எஃபி கல்டர்
எங்கள் நூலக மண்டபத்துக்கு நேரே வரமாட்டார்.
திரையில் வருவார், வெள்ளி பின்னேரம்,
கரண்ட் இருந்தால்.
அவருடைய வாழ்வும் பணியும்
நூற்றுப் பதினொரு ஆங்கிலச் சொல்லில்
எனக்கு வந்து சேர்ந்தது.
துண்டுப்பிரசுரத்தில் அடங்குமாப்போல
தமிழாக்கித் தரட்டாம்.

பகலில் நான் கச்சேரியில்
காணி உத்தரவுப்பத்திரம் மொழிபெயர்க்கிறவள்.
வடக்கே வாய்க்கால்,
கிழக்கே அரச காணி,
தெற்கே இறந்துபோன இன்னாருடைய வளவு.
ஒரு ஸ்கொட்லாந்துக்காரியின் நாலு எல்லையும்
தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடும்
என்றுதான் இருந்தேன்.

பிறந்தது வடகடல் தீவொன்றில்.
தகப்பன் வெளிச்சவீட்டுக் காவலாள்.
(அது சுகம். பாலமீன்மடுவில் ஒன்று நிற்கிறது.)
விளக்கு தானாக எரியத் தொடங்கிய வருசம்
அவருக்கு வேலை போனது.
பதினாறு வயதில் எஃபி
ஹெரிங் மீன் பதனிடும் ஆலையில்.
ஹெரிங்கை என்ன செய்வது?
கீரியா, சாளையா, சூடையா?
கல்லடிச் சந்தையில்
போனில் படம் காட்டிக் கேட்டேன்.
'இது விக்கிறதுக்கா, எழுதுறதுக்கா?' என்றார் மீன்காரர்.
எழுத என்றேன்.
'அப்ப சூடை எண்டு போடுங்க.'
போட்டேன்.

இருபத்தாறில் முதல் புத்தகம்.
முப்பதில் இரண்டாவது, ஒரு பரிசு,
பெரிய பட்டணத்தில் ஒரு மேடை.
Then என்று ஒரு சொல், ஒரு கமா,
பதினொரு வருசம் கழித்து
மூன்றாவது.

கமாவுக்குள் என்ன இருக்கிறது என்று
மின்னஞ்சலில் கேட்டேன்.
மொழிபெயர்ப்புக்குத் தேவை என்று பொய் சொன்னேன்.
இரவே பதில் வந்தது, வணக்கம் இல்லாமல்:
பாடசாலை பஸ் ஓட்டினேன்.
காலையில் இருபத்தொரு பிள்ளைகள்,
பின்னேரம் இருபத்தொரு பிள்ளைகள்.
ஒரு வருசம் பத்தொன்பது.
எழுத வராமல் இல்லை.
எண்ணிக்கொண்டே இருந்தேன்.

நான் பதில் போடவில்லை.
அலுமாரியின் கீழ்த்தட்டில்
என்னுடைய கொப்பி கிடக்கிறது.
ஒரு கவிதையின் அடியில் தொண்ணூறாம் ஆண்டு, ஆனி.
அடுத்த கவிதையின் தலையில்
இரண்டாயிரத்து ஏழு.
நடுவிலே பக்கங்கள் கிழியவில்லை.
வெறுமையாகவும் இல்லை.
அரிசி, மண்ணெண்ணெய்,
செஞ்சிலுவைச் சங்கத்துக் கடித இலக்கம்,
திரும்பவும் அரிசி,
அதே கடித இலக்கம்.

பின்னர் என்று எழுதி வெட்டினேன்.
அதன்பின் என்று எழுதினேன்,
கந்தோர் வாசனை அடித்தது.
பிற்பாடு, பிறகு, அப்பால்.
எல்லாம் அவசரமாய் மறுகரைக்குத் தாவுகிற சொற்கள்.
மறுகா என்று எழுதினேன்.
கோழி களவுபோன கதைக்கும்
ஆள் திரும்பி வராத கதைக்கும்
நாங்கள் போடுகிற சொல் அதுதான்.
சொன்னவர் கொஞ்சம் எச்சில் விழுங்குவார்.
கேட்கிறவர் எழும்பிப் போகமாட்டார்.

அச்சகத்திலிருந்து கிருபைராணி மூன்று தரம் எடுத்தாள்.
'அக்கா, பேச்சுச் சொல்லொண்டு விழுந்திற்று,
பின்னர் எண்டு மாத்தட்டா?'
வேணாம்.
'வெளியூராக்களுக்கு விளங்காதே.'
விளங்காட்டி விடு.
'தவநேசன் சேர் ஏசுவார்.'
ஏசட்டும்.
ஏசினார்தான். ஆனால் அதற்குள் இருநூறு பிரதி
அடித்து முடிந்திருந்தது.

வெள்ளி. கரண்ட் இருந்தது.
எஃபியின் முதுகுக்குப் பின்னால் ஒரு யன்னல்,
யன்னலில் மழை.
நாலு கவிதை வாசித்தார்.
ஒன்று நாயைப் பற்றி.
எல்லாரும் கைதட்டியபிறகு என்னைக் கேட்டார்:
எங்கே அந்தக் கமா?

பிரசுரத்தைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்து
சொல்லின் கீழே விரலை வைத்தேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டார்.
சொல்லிக் காட்டச் சொன்னார்.
சொன்னேன்.
ம, என்றார்.
று, அவருக்கு உருண்டு வந்தது.
கா என்று வாய் திறந்த இடத்தில்
இணைப்பு நின்று
திரை உறைந்துவிட்டது.

திறந்த வாய், யன்னல்,
பாதி வழியில் நிற்கிற மழை.
தவநேசன் வயரைக் கழற்றிப் பூட்டினார்.
வெளியே ஒரு ஓட்டோ
இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கும்.
ஒருவரும் எழும்பவில்லை.